பூரிம் பண்டிகையும் ஹிட்லர் வேஷமும்

நம் மேஜைமீது ஒரு பழைய புகைப்படம் கிடக்கிறது. அதைப் பார்க்கிறவர்கள் முதலில் திடுக்கிடுவார்கள். விஷயம் தெரிந்த பிறகு, என்ன சொல்வதென்று தோன்றாமல் சற்று மௌனமாய் இருந்துவிடுவார்கள். படத்தில் ஹிட்லர் நிற்கிறான். நெற்றியில் சரிந்து விழும் மயிர், மூக்கின் கீழே கறுப்பு மீசைத் துண்டு எல்லாம் இருக்கின்றன. அவனுக்கு அருகே கோடு போட்ட கைதி உடுப்பில் சிலர் நிற்கிறார்கள். அவர்கள் முகத்தில் அச்சம் இல்லை, சிரிப்பு இருக்கிறது.

படம் எடுக்கப்பட்ட இடம் ஜெர்மனியின் பவேரியா மாகாணத்திலுள்ள லாண்ட்ஸ்பெர்க் என்னும் ஊர். காலம் 1946 மார்ச்சு மாதம். ஹிட்லர் மாண்டு அப்போது பதினொரு மாதங்கூட நிறையவில்லை. ஆகவே படத்தில் இருப்பவன் வேஷக்காரன் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. அந்த வேஷக்காரர் ஒரு யூதர். கோடு போட்ட உடுப்பில் நிற்பவர்களும் யூதர்களே. அந்த உடுப்பு எந்த நாடகக் கொட்டகையிலிருந்தும் இரவல் வாங்கியதன்று. நாஜிகளின் சிறை முகாம்களில் அவர்களும் அவர்களைப் போன்ற லட்சக்கணக்கானவர்களும் மெய்யாகவே உடுத்திக் கிடந்த துணி அது. கொலைக்களத்திலிருந்து தப்பிவந்த ஒரு சமூகம், தன்னைக் கொன்றவனைப் போலவே வேஷம் தரித்து வீதியில் கூத்தாடுகிறது! இது என்ன விபரீதம் என்று நேயர்கள் கேட்கலாம். இதற்கு விடை வேண்டுமானால் நாம் ஏறக்குறைய 2,500 ஆண்டுகள் பின்னோக்கிப் போகவேண்டும்.

யூதர்களின் பஞ்சாங்கத்தில் ஆதார் என்று ஒரு மாதம் உண்டு. நம் மாசி, பங்குனியை ஒட்டி வருவது. அந்த மாதத்துப் பதினான்காம் நாள் பூரிம் பண்டிகை. அதன் கதை பைபிளின் பழைய ஏற்பாட்டில் எஸ்தர் புத்தகத்தில் இருக்கிறது. இந்து தேசம் முதல் எத்தியோப்பியா வரையில் 127 நாடுகளை ஆண்ட அகாஸ்வேரு என்னும் பாரசீகச் சக்கரவர்த்தியின் காலத்துக் கதை என்று அந்நூல் தொடங்குகிறது. பட்டத்தரசி வஸ்தி, குடிபோதையிலிருந்த அரசன் கட்டளைக்குப் பணிந்து சபைக்கு வர மறுத்ததால் பட்டத்தை இழந்தாள். அவள் இடத்துக்கு எஸ்தர் என்ற யூதப் பெண் வந்தாள். தன் குலம் இன்னதென்று அவள் யாருக்கும் தெரிவிக்கவில்லை. அவளை வளர்த்த மொர்தெகாய் அரண்மனை வாசலில் இருந்தான். தலைமை மந்திரியாகிய ஆமானுக்கு அனைவரும் தெண்டனிட, மொர்தெகாய் ஒருவன் மட்டும் வணங்கவில்லை. ஒருவன் வணங்காத குற்றத்துக்கு அவன் ஜாதி முழுவதையும் அழித்துவிடத் தீர்மானித்த ஆமான், அதற்கு நாள் குறிக்கச் சீட்டுப் போட்டான். சீட்டுக்குப் ‘பூர்’ என்று பெயர். பண்டிகையின் பெயர் அதிலிருந்து வந்தது. பதினாயிரம் தாலந்து வெள்ளி பொக்கிஷத்துக்குத் தருவதாகச் சொல்லி அரசனிடம் உத்தரவும் பெற்றுவிட்டான்.

அப்புறம் நடப்பதெல்லாம் தலைகீழ். அரசன் தான் கௌரவிக்க விரும்பும் மனிதனுக்கு என்ன செய்யலாம் என்று ஆமானிடம் யோசனை கேட்கிறான். அந்த மனிதன் தானே என்று நம்பிய ஆமான், ராஜ உடை தரிப்பித்து ராஜ குதிரைமேல் ஏற்றி நகர்வலம் செய்விக்கவேண்டும் என்கிறான். “அப்படியே மொர்தெகாய்க்குச் செய்” என்று கட்டளை பிறக்கிறது! சத்துருவின் குதிரைக் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஆமான் வீதியில் கூவிக்கொண்டு போகிறான். பிறகு எஸ்தர் தன் குலத்தை வெளிப்படுத்துகிறாள். மொர்தெகாய்க்காக நாட்டிய ஐம்பது முழத் தூக்குமரத்தில் ஆமானே தொங்குகிறான். பின்னால் அவனுடைய பத்துப் புதல்வர்களும் தொங்குகிறார்கள்.

இந்தப் புத்தகம் முழுவதிலும் கடவுளின் பெயர் ஓரிடத்திலும் வரவில்லை. கடவுளே முகத்தை மறைத்துக்கொண்டு இந்தக் கதையில் நடமாடினார் என்று யூதப் பெரியோர்கள் வியாக்கியானம் செய்வதுண்டு. குலத்தை மறைத்த எஸ்தரும், ராஜ உடை தரித்த ஏழையும் கதையிலேயே இருக்கிறார்கள். இப்படியிருக்கப் பண்டிகையில் வேஷம் வந்து சேர்ந்தது ஆச்சரியமன்று.

வேஷம் சேர்ந்தது மிகவும் பிற்காலத்தில்தான். இத்தாலியில் வெனிஸ் முதலிய நகரங்களின் களியாட்டத்தைப் பார்த்து, அங்கிருந்த யூதர்களும் முகமூடி அணியத் தொடங்கினார்கள் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. ஆண் பெண்ணுடையையும் பெண் ஆணுடையையும் தரிக்கலாகாது என்று மோசேயின் சட்டம் கண்டிப்பாகச் சொல்லுகிறது. ஆயினும் பதுவா நகரத்து ரப்பி யூதா மின்ஸ் என்பவர், பூரிம் அன்று மகிழ்ச்சிக்காகச் செய்வதால் குற்றமில்லை என்று தீர்ப்பு எழுதினார். இவர் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காலமானவர். போலந்து தேசத்து மோசே இஸ்ஸர்லிஸ் என்ற பெரிய சட்ட நிபுணரும் பிறகு அதை ஒப்புக்கொண்டார். சாஸ்திரத்துக்கும் ஜனங்களின் உற்சாகத்துக்கும் சண்டை வந்தால் கடைசியில் எது ஜெயிக்கும் என்பது நமக்குத் தெரிந்த விஷயந்தானே!

பண்டிகையின் மற்ற அம்சங்களையும் சுருக்கமாய்ச் சொல்லிவிடுவோம். ஜெப ஆலயத்தில் எஸ்தர் கதையை வாசிக்கும்போது ஆமானின் பெயர் ஐம்பதுக்கு மேற்பட்ட தடவை வருகிறது. ஒவ்வொரு தடவையும் குழந்தைகள் கிலுகிலுப்பையைச் சுழற்றியும் காலால் தரையை உதைத்தும் அந்தப் பெயர் காதில் விழாதபடி அமர்க்களம் செய்கிறார்கள். பக்கத்து வீடுகளுக்குப் பலகாரம் அனுப்புவதும், குறைந்தது இரண்டு ஏழைகளுக்குத் தானம் செய்வதும் கட்டாயம். முக்கோண வடிவத்தில் உள்ளே கசகசாப் பூரணம் வைத்த பலகாரம் அன்று விசேஷம். ஐரோப்பிய யூதர்கள் அதற்கு ஆமான் பெயரையே வைத்து ரசித்துத் தின்கிறார்கள். “ஆமான் சபிக்கப்பட்டவன், மொர்தெகாய் ஆசீர்வதிக்கப்பட்டவன்” என்ற இரண்டுக்கும் பேதம் தெரியாமற்போகும் வரையில் குடிக்கலாம் என்று தல்மூதில் ஒரு வாக்கியம் உண்டு. மதுவிலக்கில் பற்றுள்ள நேயர்கள் இந்த இடத்தைப் பெருமனசு செய்து தாண்டிவிடும்படி வேண்டுகிறோம்.

நமக்கு இங்கே முக்கியமான விஷயம் வேறு. ஆமான் செத்துப்போன மந்திரி. மொர்தெகாயும் செத்துப்போன மனிதன். ஆனால் யூதர் சென்ற தேசங்களிலெல்லாம், காலத்துக்குக் காலம், ஆமானின் நாற்காலியில் உட்கார ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பிராங்க்பர்ட் நகரில் 1614ஆம் வருஷம் வின்சென்ட் பெட்மில்க் என்பவன் ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு யூதர் சேரியைச் சூறையாடி அவர்களை விரட்டினான். 1616இல் அவனுக்குச் சிரச்சேதம் ஆயிற்று. யூதர்கள் நகரத்துக்குத் திரும்பினார்கள். அந்த நாளை அவ்வூரார் ‘வின்ஸ் பூரிம்’ என்று தனிப் பண்டிகையாகவே வைத்துக் கொண்டாடினார்கள். இதுபோல் பல ஊர்களில் உள்ளூர்ப் பூரிம்கள் தோன்றின. பண்டிகைக் கூத்துகளில் ஆமானுக்குப் பழைய பாரசீக உடை போய், பார்க்கிறவர்களுக்குப் பழக்கமான முகம் வந்தது. பெயரைச் சொல்லாமலே யாரைச் சொல்கிறார்கள் என்று சபையோருக்கு விளங்கிவிடும்.

ஆள்கிறவர்களுக்கும் இது விளங்காமலில்லை. வெகு காலத்துக்கு முன்பே, கி.பி. 408இல், ரோமானியச் சக்கரவர்த்தி இரண்டாம் தியோடோஷியஸ், யூதர்கள் ஆமானின் உருவத்தைச் சிலுவை போன்ற மரத்தில் வைத்துக் கொளுத்தலாகாதென்று சட்டம் போட்டார். கிறிஸ்து மதத்தை அது பரிகசிப்பதாகும் என்பது அவர் குறை. ஒரு பொம்மைக்குச் சக்கரவர்த்தி சட்டம் போடுகிறார் என்றால், பொம்மைக்கு ஏதோ சக்தி இருக்கத்தான் வேண்டும்.

இந்த வேஷக் கலை வீதிக்கு வந்து முழு மலர்ச்சி பெற்றது டெல் அவீவ் நகரில். 1909இல் மணல் மேட்டில் அஸ்திவாரம் போடப்பட்ட அந்த ஊரில், மூன்றே ஆண்டுகளில் பூரிம் ஊர்வலம் தொடங்கிவிட்டது. பிரிட்டிஷார் பாலஸ்தீனத்தை ஆண்ட காலத்தில் அது பெரிய உற்சவமாயிற்று. நகரசபைத் தலைவர் மேயர் டிஸென்காப் குதிரைமீதேறி முன்னே போவார். பின்னே அலங்கார வண்டிகள் வரும். ஊர்வலத்துக்குத் தக்க பெயர் சூட்ட 1932இல் ஒரு போட்டி வைத்தார்கள். பெர்க்கோவிட்ஸ் என்னும் எழுத்தாளர் மேலே சொன்ன தல்மூது வாக்கியத்திலிருந்தே ‘பேதம் தெரியாமற்போகும் வரை’ என்ற சொற்களை எடுத்து ‘அத்லோயாதா’ என்று பெயர் கொடுத்தார். அந்தப் பெயரே இன்றும் வழங்குகிறது.

மறு வருஷப் பூரிம், 1933 மார்ச்சு 12ஆம் தேதி வந்தது. ஜனவரி 30ஆம் தேதிதான் ஹிட்லர் ஜெர்மனியின் பிரதம மந்திரியானான். அதற்குள் டெல் அவீவ் வீதியில் அவனுடைய உருவம் பவனி வந்துவிட்டது! ஜெருசலத்திலிருந்த ஜெர்மன் ஸ்தானிகர், தம் தேசத் தலைவரை அவமதித்ததாக மேயரிடம் ஆட்சேபம் தெரிவித்தார். அக்காலத்து ஊர்வலங்களில் ஸ்வஸ்திகக் குறி பொறித்த ராட்சதப் பாம்பு ஒன்றும் ஊர்ந்து வந்தது. நாம் மங்கலச் சின்னமாகக் கருதும் குறி அப்படி ஒரு பாம்பின் முதுகில் ஏறவேண்டி வந்ததை நினைத்தால் மனம் நோகத்தான் செய்கிறது. ஆனால் அதை அங்கே ஏற்றியவர்கள் டெல் அவீவ்வாசிகள் அல்லர்.

அப்போது உலகத்தின் பெரிய ராஜதந்திரிகள் பலர், ஹிட்லர் பதவிக்கு வந்ததும் அடங்கிவிடுவான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். காகிதக் கூழும் கோந்தும் வைத்து உருவம் பண்ணின டெல் அவீவ் ஜனங்கள், அவன் யார் என்பதை ஆறே வாரத்தில் கண்டு சொல்லிவிட்டார்கள். ஆனால் கண்டு சொன்னதால் எந்த உயிரும் பிழைக்கவில்லை. 1936இல் பாலஸ்தீனத்தில் அராபியர் எழுச்சி மூண்டது, ஊர்வலமும் நின்றது. அது மறுபடி நடந்தது 1955ஆம் வருஷத்தில்தான்.

நாஜிகளும் இந்தப் பண்டிகையை நன்றாகப் படித்து வைத்திருந்தார்கள். 1942இல் போலந்திலிருந்த ஸ்டுன்ஸ்கா வோலா என்ற ஊரில், பூரிம் சமயத்தில் பத்து யூதர்களைப் பகிரங்கமாகத் தூக்கிலிட்டார்கள். பத்து என்பது ஆமானின் புதல்வர் தொகை. 1944 ஜனவரியில் ஹிட்லரே ஒரு பிரசங்கத்தில், தாங்கள் தோற்றால் யூதர்கள் இன்னொரு பூரிம் கொண்டாடுவார்கள் என்ற கருத்துப்படப் பேசினான்.

இப்போது நம் புகைப்படத்துக்குத் திரும்புவோம். லாண்ட்ஸ்பெர்க்குக்கு ஒரு பெருமை உண்டு. பெருமை என்று சொல்லக் கூச்சமாயிருக்கிறது. அவ்வூர்ச் சிறையில்தான் 1924இல் ஹிட்லர் அடைபட்டிருந்து, தன் சுயசரிதத்தின் முதற் பாகத்தை உருவாக்கினான். யுத்தம் முடிந்ததும் அவ்வூரிலிருந்த ஜெர்மன் ராணுவக் கொட்டடிகளை அமெரிக்கர்கள் வீடிழந்த யூதர்களுக்குத் தங்குமிடம் ஆக்கினார்கள். சுமார் ஐயாயிரம் பேர் அங்கே இருந்தார்கள். குடும்பத்தில் தான் ஒருவரே மிஞ்சியவர் பலர். போக ஊர் கிடையாது. பாலஸ்தீனத்தின் கதவைப் பிரிட்டிஷார் பூட்டி வைத்திருந்தார்கள்.

அந்த 1946ஆம் வருஷப் பூரிம் அவர்களுக்கு விடுதலைக்குப் பின் வந்த முதல் பூரிம். ஒரு நாள் போதவில்லை, நாட்கணக்கில் கொண்டாடினார்கள். கட்டடங்களிலிருந்து ஹிட்லர் பொம்மைகள் தொங்கின. பெரிய ஹிட்லர், சிறிய ஹிட்லர், பருத்த ஹிட்லர், பதக்கம் குத்திய ஹிட்லர், பதக்கம் இழந்த ஹிட்லர் என்று விதவிதமாகத் தொங்கவிட்டார்கள். சிலவற்றைத் தலையில் கட்டினார்கள்; சிலவற்றைக் காலில் கட்டினார்கள். அவனுக்குக் கல்லறை கட்டிப் பெயர் எழுதினார்கள். அவன் எழுதிய புத்தகத்தை, அது பிறந்த ஊரிலேயே, தீக்கு இரையாக்கினார்கள். முகாமில் தொழிற்கூடம் நடத்தியவர்களும் பள்ளிக்கூடத்தாரும் வேஷம் கட்டி அணிவகுத்து வந்தார்கள்.

இதைக் கண்டு முகம் சுளித்தவர்களும் இருந்திருக்கக்கூடும். ஆனால் அந்த மனிதர்களிடம் நியாய ஸ்தலம் ஏது? நூரெம்பெர்க்கில் வழக்கு நடந்துகொண்டிருந்தது, தீர்ப்பு வரவில்லை. முக்கியக் குற்றவாளியோ வழக்குக்கு அகப்படாமல் தற்கொலை செய்துகொண்டான். தாங்கள் செய்யக் கிடைத்த ஒரே தண்டனையைக் கந்தலும் வைக்கோலும் கொண்டு அவர்கள் நிறைவேற்றினார்கள். கோடு போட்ட உடுப்பை ஒரு நாள் வேஷமாக உடுத்திப் பார்த்தால்தான் அது இனி வேஷம் மட்டுமே என்று மனம் நம்புமோ என்னவோ! உயிரோடிருக்கிறோம் என்பதற்கு அவர்களுக்கு அத்தாட்சி தேவைப்பட்டிருக்க வேண்டும்.

அதே வருஷம் அக்டோபர் 16ஆம் தேதி நூரெம்பெர்க்கில் நாஜித் தலைவர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். பதினொருவருக்கு ஏற்பாடாகியிருந்தது. கோயரிங் முதல் நாள் இரவே விஷம் தின்று மாண்டதால், தூக்கு மேடை ஏறினவர்கள் பத்துப் பேர். யூதத் துவேஷத்தையே தொழிலாகக்கொண்டு பத்திரிகை நடத்திய ஸ்ட்ரைக்கர் என்பவன், மேடையில் நின்று “1946ஆம் வருஷப் பூரிம் பண்டிகை!” என்று கூவினான். இதைப் பக்கத்திலிருந்து கேட்ட பத்திரிகை நிருபர் எழுதி வைத்திருக்கிறார். எஸ்தர் கதை அவனுக்கும் பாடமாகியிருந்தது.

இதுவரை சொன்னது எளியவன் வலியவனைப் பார்த்துச் சிரித்த கதை. அதில் நம் மனம் முழுவதும் வேஷக்காரன் பக்கமே நிற்கிறது. அந்நிய ஆட்சியில் வாயடைபட்டுக் கிடந்த எந்த ஜாதிக்கும் இந்தச் சிரிப்பின் அருமை தெரியும். ஆனால் 1948இல் இஸ்ரேல் ராஜ்யம் ஏற்பட்டது. மொர்தெகாய்க்கு ராஜ உடையும் குதிரையும் கிடைத்தன, நிரந்தரமாகவே கிடைத்தன. இனி பூரிம் வேஷத்துக்கு அர்த்தம் பழையபடியே இருக்குமா?

பெரும்பாலும் அது குழந்தைகளின் குதூகலமாகவே இருந்து வந்திருக்கிறது. 1967ஆம் வருஷ யுத்தத்துக்குப் பின், ஒரு கண்ணில் கறுப்புத் திரையிட்ட தளபதி மோஷே தயானின் வேஷம் சிறுவர்களுக்குப் பிடித்ததாயிற்று; ஒரு கறுப்புத் துணியும் கயிறும் போதுமே! 1991இல் ஈராக்கின் சதாம் ஹுஸேன் ஜனவரி 18 முதல் ஸ்கட் ஏவுகணைகளை இஸ்ரேல்மீது வீசினார். விஷவாயு வருமென்று அஞ்சி, ஆறு வாரம் ஜனங்கள் முகமூடிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டே திரிந்தார்கள். போர் ஓய்ந்த நாள் பிப்ரவரி 28. பஞ்சாங்கத்தைப் புரட்டினால் அன்றே பூரிம்! உயிருக்குப் பயந்து மாட்டிய முகமூடியைக் கழற்றி, விளையாட்டு முகமூடியை மாட்டிக்கொண்டார்கள். ஏவுகணை வேஷம் போட்ட பிள்ளைகளும் இருந்தார்கள். 2020இல் பூரிம் மார்ச்சு 10. கொரோனாவைச் சர்வதேசக் கொள்ளைநோய் என்று உலகச் சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது மார்ச்சு 11. கொரோனாக் கிருமியின் வேஷம் அதற்கு முன்பே கடைவீதியில் நடமாடிற்று. அடுத்த வருஷம் தடுப்பூசி வேஷம் வந்தது. ஆனால் கூட்டம் சேராதிருக்கச் சர்க்கார் மூன்று இரவு ஊரடங்கு போட்டுவிட்டது.

இவற்றில் தீங்கு ஒன்றுமில்லை. தீங்கு வந்தது வேறு வழியில்.

எஸ்தர் புத்தகத்தின் ஒன்பதாம் அதிகாரத்தைப் பண்டிகைக் கும்மாளத்தில் பலர் கவனிப்பதில்லை. ஆமான் மாண்ட பிறகு, யூதர்கள் தங்கள் பகைவரில் 75,000 பேரைக் கொன்றதாக அதில் எழுதியிருக்கிறது. ஆயுதமற்ற ஜனங்கள் படிக்கும் வரையில் அது ஏழையின் பகற்கனவு. ஆயுதம் ஏந்தியவன் படித்தால்? 1994 பிப்ரவரி 25, பூரிம் தினம். முஸ்லிம்களுக்கு ரம்ஸான் மாதம். ஹெப்ரான் நகரில் ஆபிரகாமின் சமாதி இருக்கும் மசூதியில் அதிகாலைத் தொழுகை நடந்துகொண்டிருந்தது. கோல்ட்ஸ்டைன் என்ற யூத வைத்தியன் ராணுவ உடுப்பில் உள்ளே நுழைந்து, தொழுதுகொண்டிருந்தவர்களை முதுகுப்புறமாகச் சுட்டான். 29 பேர் மாண்டார்கள். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் காயமுற்றார்கள். எஞ்சியவர்கள் அவனை அங்கேயே அடித்துக் கொன்றார்கள். அவன் உடுத்தியிருந்தது வேஷமன்று; ராணுவம் அவனுக்குக் கொடுத்த சொந்த உடுப்பு.

இஸ்ரேல் பிரதமர் ராபின் அச்செயலைக் கடுமையாகக் கண்டித்தார். யூத ஜனங்களில் மிகப் பலர் வெட்கித் தலைகுனிந்தார்கள். ஆனால் அடுத்த வருஷப் பூரிமுக்கு ஓர் இளைஞன் அதே கோல்ட்ஸ்டைனாக வேஷம் தரித்து, தொலைக்காட்சிக்காரர் முன் நின்று, இவனே என் வீரன் என்றான். அந்த இளைஞன் 2022 டிசம்பரில் இஸ்ரேல் அரசாங்கத்தில் தேசப் பாதுகாப்பு மந்திரியானான். லாண்ட்ஸ்பெர்க்கில் கொல்லப்பட்டவன் கொன்றவனைப் போல் வேஷம் போட்டது பரிகாசம். இங்கே வேஷம் போட்டதோ கொன்றவனைப் பூஜிக்க. மீசை, உடுப்பு, சாயம் இவற்றை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. தல்மூது சொன்ன ‘பேதம் தெரியாத’ நிலை குடிக்காமலே சிலருக்கு வந்துவிடுகிறது போலும்.

2023 அக்டோபர் 7ஆம் தேதி ஹமாஸ் படையினர் இஸ்ரேலுக்குள் புகுந்து சுமார் 1,200 பேரைக் கொன்று, ஏறக்குறைய 250 பேரைப் பிடித்துச் சென்றார்கள். இஸ்ரேல் காஸாமீது போர் தொடுத்தது. இடையில் 2024ஆம் வருஷப் பூரிம் வந்தது. துக்க காலத்தில் கூத்து வேண்டாமென்று பல ஊர்கள் அத்லோயாதாவை நிறுத்திவிட்டன. ஜெருசலம் நகரசபை மட்டும், 42 ஆண்டுகளாக அங்கே நடைபெறாதிருந்த ஊர்வலத்தை அந்த வருஷம் நடத்தத் தீர்மானித்தது. ஜனங்களுக்கு உற்சாகம் தேவை என்றார்கள். எங்கள் பிள்ளைகள் சுரங்கத்தில் கிடக்கையில் எந்த உற்சாகம் என்று சிறைப்பட்டவர்களின் பெற்றோர்கள் கேட்டார்கள். அப்போது நூற்றுக்கு மேற்பட்டவர்கள் காஸாவிலிருந்து மீளவில்லை. காஸாவில் மாண்டவர் தொகை 32,000த்தைத் தாண்டிவிட்டதாக அங்குள்ள சுகாதார இலாகா கணக்குச் சொல்லிற்று.

மதில் சூழ்ந்த பழைய நகரமாகையால் ஜெருசலத்தில் பூரிம் ஒரு நாள் பிந்தி வரும். மார்ச்சு 25ஆம் தேதி, திங்கட்கிழமை, ஊர்வலம் நடந்தது. பெரிய பெரிய உருவங்கள் வீதியில் சென்றன. குழந்தைகள் சாயம் பூசிய முகத்தோடு வேடிக்கை பார்த்தார்கள். உறவினரைப் பறிகொடுத்தவர்கள் ஒருபுறம் ஆட்சேபித்து நின்றார்கள். அந்த வருஷமும் அது ரம்ஸான் மாதமே. அன்றுதான் நியூயார்க்கில் ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபை கூடி, ரம்ஸானை முன்னிட்டு உடனே சண்டையை நிறுத்தவேண்டும், சிறைப்பட்டவர் அனைவரையும் விடுவிக்கவேண்டும் என்று தீர்மானித்தது. பதினான்கு நாடுகள் கை தூக்கின, அமெரிக்கா வாக்களிக்கவில்லை. சண்டை நிற்கவில்லை.